குளம்படிச் சத்தம்

ஏ ஷிப்ட் பஸ்ஸில் யாரும் பேச மாட்டார்கள். விடியற்காலை ஐந்தே காலுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஏறினால் ஒரகடம் போய்ச் சேரும்வரை கிடைக்கிற தூக்கம்தான் அன்றைக்கு மிச்சமிருக்கிற தூக்கம். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டால் வல்லம் தாண்டுவதுகூடத் தெரியாது. போன மாதம் ஒருநாள் அப்படித்தான் கண்ணை மூடியிருந்தேன். காதுக்குப் பக்கத்தில் திடீரென்று குதிரையின் குளம்படிச் சத்தம். டடக் டடக் டடக். உடம்பு சிலிர்த்துப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஐயோ, சாரிக்கா. ஹெட்போன் கழண்டுக்கிச்சு."

பக்கத்தில் இருந்தது புதிதாகச் சேர்ந்திருக்கிற டிரெய்னிப் பெண். போளூர்ப் பக்கம் ஊர். எங்கள் லைனில் கார்களுக்கான வயரிங் கட்டுகிறோம். அவள் கனெக்டர் சொருகுகிற இடத்தில் நிற்கிறாள், நான் கடைசியில் சரிபார்க்கிற இடத்தில். செல்போன் திரையில் ஒரு வெள்ளைக் குதிரை ஓடிக்கொண்டிருந்தது, நான் அறிந்த குதிரையைவிட வேகமாக.

"மர்மதேசமா பாக்கற?"

"ஆமாக்கா. யூடியூப்ல இருக்கு. எங்க பெரிம்மா பொண்ணு பாக்கச் சொல்லிச்சு."

"குதிரை ஏன் இப்படி ஓடுது?"

"ஒன்றரை மடங்கு ஸ்பீடு வெச்சிருக்கேன்கா. அந்தக் காலத்துல ரொம்ப மெதுவா எடுத்திருக்காங்க." ஹெட்போனைச் சரி செய்துகொண்டே கேட்டாள்: "நீங்க பாத்திருக்கீங்களாக்கா? கருப்பு யாரு? சாமியா, ஆளா?"

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "பாரு, தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னலில் சாய்ந்தேன். தூக்கம் வரவில்லை.

எங்கள் தெருவில் அப்போது டி.வி. இருந்த வீடுகள் மூன்று. அதில் கேபிள் இணைப்பு இருந்தது ரேஷன் கடையில் வேலை பார்த்த மாமா வீட்டில் மட்டும். மரப்பெட்டிக்குள் வைத்த டயனோரா டி.வி. இழுத்து மூடுகிற மடக்குக் கதவுக்கு ஒரு பூட்டு. சாவி அத்தையின் முந்தானையில் இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், இரவுச் சோற்றை அவசரமாக முடித்துக்கொண்டு, இருபது பேராவது அந்த வீட்டுக் கூடத்தில் உட்காருவோம். பிள்ளைகள் முன்னால் தரையில். பெண்கள் சுவரோரம். ஆண்கள் நடையில் நின்றுகொண்டே, ஏதோ வழியில் போகிறபோது எட்டிப் பார்த்தவர்கள் மாதிரி. ஆனால் ஒரு வாரம்கூடத் தவறாமல் நிற்பார்கள்.

கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய தொடர் மர்மதேசம். அதில் முதலில் 'ரகசியம்' வந்தது. சித்தர்கள், நவபாஷாண லிங்கம், இரவில் ஆள் தங்கக் கூடாத பைரவர் கோயில். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து வந்ததுதான் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டுவிடு கருப்பா' நாவலை வைத்து எடுத்தது. தோட்டக்காரமங்கலம் என்று ஓர் ஊர். தப்பு செய்தவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. சொன்னபடியே ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். தண்டிக்கிறது சாமியா, சாமி பெயரில் ஒளிந்திருக்கிற மனுசனா? கதை இரண்டு காலத்தில் மாறி மாறி ஓடும். ஒன்றில் படித்தவர்கள் வந்து ஊரைத் துருவுகிறார்கள். இன்னொன்றில் கறாரான பாட்டியிடம் வளரும் ஒரு சின்னப் பையன் வருவான்.

எபிசோட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கூடத்தில் பேச்சு தொடங்கும். அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தைப் பார்த்த நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசிய நேரம் அதிகம். அன்றைக்கு வாசலில் ஆரம்பித்து, மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், ஏரிக்கரையில் துணி துவைக்கும்போது, நாற்று நடுகிற வரப்பில் என்று வாரம் முழுவதும் அது நடக்கும்.

என் ஆயாவுக்குச் சந்தேகமே இல்லை. "சாமிதான், வேற யாரு?" என்பாள். எங்கள் பக்கத்தில் கருப்புசாமி கும்பிடுகிறவர்கள் குறைவு. அது தெற்கத்திச் சாமி. எங்களுக்கு ஏரிக்கரை முனீஸ்வரன். அவருக்கும் குதிரை உண்டு, சுண்ணாம்பு அடித்த மண்குதிரை. "நம்ம முனீஸ்வரனைத்தான் அந்தப் பக்கத்து ஆளுங்க கருப்புன்றாங்க" என்று ஆயா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தத் தொடர் வந்த காலத்தில் அந்தி சாய்ந்த பிறகு பிள்ளைகள் யாரும் ஏரிக்கரைப் பக்கம் போனதில்லை.

ஒரு அமாவாசை ராத்திரி தெருக்கோடியில் குளம்படிச் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது. வீடு வீடாகத் தாழ்ப்பாள் விழுந்தது. எங்கள் ஆயா கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள், சாமி வந்தால் மரியாதை செய்ய வேண்டாமா என்று. இரண்டு கொட்டாங்குச்சியை வைத்துத் தட்டிக்கொண்டே ஓடியவன் ரேஷன் கடை மாமாவின் இரண்டாவது மகன். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். பிடிபட்ட பிறகு அவனுடைய அப்பா அடிக்கக் கையை ஓங்கினார். ஆயாதான் தடுத்தாள். "சாமி சத்தத்த நாக்கால சொன்னா தப்பில்ல, கையால சொன்னா தப்பா?" என்றாள்.

ஆயாவுக்குப் புரியாமல் இருந்தது வேறொன்று. யார் என்பதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? அவள் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவள். பங்குனியில் பாரதக் கூத்து நடந்தால் பத்து நாளும் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். துரியோதனன் விழப்போகிறான் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஊரே வந்து உட்காரும், அவன் எப்படி விழுகிறான், பாஞ்சாலி எப்படிக் கூந்தலை முடிகிறாள் என்று பார்க்க. "யாருன்னு தெரிஞ்சாத்தானேடி அவன் மூஞ்சைப் பாக்க முடியும்? தெரியாதவன் மூஞ்சில இன்னா தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

தையல்கடை மாமா வேறு கட்சி. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற மாத நாவல்களை ஒன்றுவிடாமல் வாங்குவார். தையல் மிஷின் டிராயரில் பாபினுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் ஒரு விவேக்-ரூபலாவோ பரத்-சுசீலாவோ இருக்கும். ராஜேஷ்குமார் கதையில் இரண்டு தனித்தனி வண்டி ஓடும், கடைசியில் ஒரே ஸ்டேஷனில் வந்து நிற்கும், இதுவும் அப்படித்தான் என்று முதல் மாதமே சொன்னவர் அவர். சாமி என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. எங்களுக்கு ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தார். "நடுவுல பேசறவன பாக்காதீங்க. படத்தோட ஓரத்துல யாரு நிக்கறான்னு பாருங்க."

அந்தப் பாடம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1991 மே 21. எனக்கு ஆறு வயது இருக்கும். அந்த ராத்திரி எங்களுக்கும் கேட்ட சத்தத்தைப் பட்டாசு என்று நினைத்தோம். பிறகு என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அதற்கப்புறம் பல வருஷம் வெளியூரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னால் கேட்டவர் முகம் ஒரு நொடி மாறும். ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில் ஊர் என்று நாங்கள்தான் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் துப்பு கிடைத்தது, குண்டுவெடிப்பில் செத்துப்போன ஹரிபாபு என்ற புகைப்படக்காரரின் கேமராவிலிருந்து. அதிலிருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது ஊரில் எல்லோரும் அவற்றை உற்று உற்றுப் பார்த்தார்கள். தையல்கடை மாமா அந்தப் பத்திரிகையை ரொம்ப நாள் வைத்திருந்தார். படத்தில் ஓரமாக, சாதாரணமாக நிற்கிறவர்கள்தான் எல்லாவற்றுக்கும் விடை என்பதை எங்கள் ஊர் அப்படித்தான் தெரிந்துகொண்டது. அதனால்தானோ என்னவோ, மர்மத் தொடர் பார்ப்பது எங்களுக்கு முழுக்க விளையாட்டாக இருந்ததில்லை.

ரேஷன் கடை அத்தைக்கு எப்போதும் சொந்தக்காரர்கள் மேல்தான் சந்தேகம். புதிதாக ஒரு பாத்திரம் வந்தால், "இவ யாருக்கு என்ன வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. ரொம்ப அன்பாகப் பேசினால் முடிந்தது. "இவதான்" என்று விடுவாள். காரணத்தை அம்மா பிறகு சொன்னாள். அத்தையின் மூத்த மகள் சடங்கின்போது வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கையில் மூன்று பவுன் சங்கிலி காணாமல் போனது. எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அத்தை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

என் பெரியப்பாவுக்கு எல்லாமே நிலத்துக்காகத்தான். "ஊர் ஜனத்த பயமுறுத்தி ஓட்டிட்டா நெலம் யாருக்கு?" என்பார். எங்கள் பக்கத்தில் நிலம் கைமாறத் தொடங்கிய காலம் அது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. 1998-இல் அங்கிருந்து சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. அதைச் சுற்றி எத்தனையோ பேச்சு, எத்தனையோ தரகர்கள். வெள்ளை அம்பாசிடரில் ஒருவர் வந்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துவார். சிரித்துச் சிரித்துப் பேசுவார். பெரியப்பா எண்பது சென்ட் வேர்க்கடலைக் கொல்லையை அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தார். ஆறே மாதத்தில் அதன் விலை என்ன ஆனது என்று கேள்விப்பட்டபோது இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துவிட்டார். டி.வி.யில் வெள்ளைக் குதிரை வரும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு அந்த வெள்ளைக் கார் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு வாரம், ரொம்ப முக்கியமான இடத்தில், கரண்ட் போய்விட்டது. யாரோ முகத்தை மூடியிருந்த துணியை விலக்கப் போகிற நேரம். திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. அத்தை சிம்னி விளக்கை ஏற்றினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போக டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பூந்தமல்லிக்காரர். அவர் வீட்டில் கரண்ட் இருந்ததாம். செய்தி பரவியதும் பஸ்ஸில் யாரும் சில்லறைக்குச் சண்டை போடவில்லை. படிக்கட்டில் இருந்தவர்கள்கூட உள்ளே வந்தார்கள். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பித்தார். "துணிய விலக்கறாங்க... கோர்ட்டு கேட்டு, கோர்ட்டு கேட்டு, யாராச்சும் இறங்கறீங்களா? ... விலக்கினா, அங்க ஆளே இல்ல." விசிலை ஊதிவிட்டு அடுத்த வரி. டிரைவர் முன்னாலிருந்து திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: "ஆள் இருந்துச்சுப்பா, நீ சரியா பாக்கல!" இரண்டு பேரும் நேற்று ஒரே எபிசோடைப் பார்த்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்வதற்குள் பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது, முன் சீட்டெல்லாம் டிரைவர் கட்சி, பின் சீட்டெல்லாம் கண்டக்டர் கட்சி. அந்தப் பத்து நிமிஷத்தில் உண்மையில் என்ன வந்தது என்பதை அடுத்த வாரம் வரைக்கும் எங்களால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை. நாங்களாகவே ஐந்தாறு விதமாக அதை நிரப்பிக்கொண்டோம்.

என் சிநேகிதியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவள் வீடு. அம்மா இல்லை. அப்பா லாரியில் போகிறவர், மாதத்தில் இரண்டு நாள் வருவார். அப்பாவைப் பெற்ற ஆயாவிடம் வளர்ந்தாள். தொடர் பார்க்க வரும்போது எங்களோடு முன்னால் உட்கார மாட்டாள். கதவோரம், ஒரு காலை வெளியே வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். தெருவில் அவள் ஆயாவின் குரல் கேட்டால் எந்தக் காட்சியாக இருந்தாலும் எழுந்து ஓடிவிடுவாள். மறுநாள் நான்தான் மீதிக் கதையைச் சொல்வேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாங்கள் இருவரும் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். யார் யார் மேல் சந்தேகம், ஏன், எத்தனை மதிப்பெண். ஒவ்வொரு வாரமும் சிலருக்கு மதிப்பெண் ஏறும், சிலருக்கு இறங்கும். எழுதுவது நான். அவள் கேள்வி மட்டும் கேட்பாள்.

அவள் கேள்விகள் எதற்கும் எங்கள் பட்டியலில் இடமில்லை. குதிரை எங்கிருந்து வந்தது, அரிவாள் யாருடையது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். அவள் ஒருநாள், "அந்தப் பையன் ராத்திரி எங்க தூங்கறான்?" என்று கேட்டாள்.

"எந்தப் பையன்?"

"பாட்டி வீட்டுல இருக்கானே, அவன்."

"அது பழைய கதைடி. ஃபிளாஷ்பேக்கு. அதுல துப்பு எதுவும் இல்ல."

இன்னொரு நாள், "அவனுக்குப் பசிக்குமில்ல?" என்றாள். அதற்கும் நான் மதிப்பெண் போடவில்லை.

தொடர் முடிகிறதற்குச் சில வாரம் முன்பு ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளாகவே நோட்டை வாங்கி ஒரு பெயரை எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அது பட்டியலிலேயே இல்லாத பெயர். "இதெப்படி இருக்க முடியும்?" என்றேன். "கருப்பு வெளியிலிருந்து வரலடி" என்று மட்டும் சொன்னாள். நான் அந்தப் பெயருக்கு நேராக ஒரு மார்க் போட்டு நோட்டை மூடினேன்.

அவள் எழுதிய பெயர்தான் விடை.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் இன்னும் பாதியில்தான் இருக்கிறாள். அவளைப் போல இன்னும் எத்தனை பேர் பாதியில் இருப்பார்களோ. விடை வந்த ராத்திரி மட்டும் நினைவிருக்கிறது. கூடத்தில் யாரும் கை தட்டவில்லை, "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரும் குதிக்கவில்லை. சாமியும் இல்லை, பணத்தாசை பிடித்த வில்லனும் இல்லை. மனசுக்குள் ஏற்பட்ட காயம் ஒரு ஆளை என்ன செய்யும் என்பதுதான் அங்கே விடையாக வந்து நின்றது. கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை ஏச்சாக மட்டுமே அறிந்திருந்த ஊர் எங்களுடையது. அந்த ஊரில் அன்றைக்கு வாசலில் நின்ற ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டு கலைந்தார்கள். என் ஆயா எழுந்திருக்கும்போது, "பாவம், புள்ள" என்றாள். சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் காலியாக இருந்தது. கடைசிக் காட்சிக்கு முன்னாலேயே அவளுக்குக் குரல் வந்துவிட்டிருக்கிறது.

இப்படி ஒரு விடைக்காக ஊரே காத்திருப்பது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்று பின்னாளில் படித்தேன். அமெரிக்காவில் 'டல்லாஸ்' என்ற தொடரில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று தெரியாமல் மாதக்கணக்கில் நாடே தவித்ததாம். 1980 நவம்பரில் விடை வந்த இரவு எட்டுக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்களாம். அந்த மாதங்களில் அங்கேயும் ஒரு பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் சண்டை போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தொழிற்சாலைப் பெண்களும் மர்மம் பார்க்கிறவர்கள்தான். 2022-இல் அமேசான் பிரைமில் 'சுழல்' வந்தபோது விடுதிப் பெண்கள் ஒரே சந்தாவை ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்டு பார்த்தார்கள். புஷ்கர்–காயத்ரி எழுதியது. ஒரு தொழிற்சாலை எரிகிறது, அதே சமயம் ஒரு பெண் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளை திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. வேலூர், ஆரணி, போளூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளை பிறந்ததிலிருந்து தெரிந்தது. தங்கள் ஊரே திரைக்கு வந்த மாதிரி பேசினார்கள். ஆனால் எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்துவிட்டது. கேன்டீனில் ஒரே மேஜையில் ஒருத்தி மூன்றாவதில் இருப்பாள், ஒருத்தி ஆறில், ஒருத்தி விடிய விடிய விழித்து முழுக்க முடித்திருப்பாள். வாயைத் திறந்தால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பாவம், முடித்தவளுக்குத்தான் கஷ்டம். மனசு நிறைய வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாமல் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருப்பாள். ஆளுக்கொரு இடத்தில் இருந்தால் சேர்ந்து யோசிக்க முடியாது. எங்களுக்கு ஏழு நாள் எல்லோரும் ஒரே படியில் நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் பெரியப்பாவின் நிலமும் அத்தையின் சங்கிலியும் அந்தப் பேச்சுக்குள் வந்தன.

2024 நவம்பர் 10-ஆம் தேதி இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது தையல்கடை மாமாவுக்குப் போன் செய்தேன். கண் சரியாகத் தெரியாததால் கடையை விட்டுவிட்டார், மகன் வீட்டில் இருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கருப்ப நான் கண்டுபிடிக்கலம்மா. ஓரத்த பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே நடுவுல பாத்துட்டிருந்தேன்" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அது அவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இன்றைக்குச் சோறு போடுகிறது. வயரிங் கட்டில் நடுவில் எப்போதும் எல்லாம் சரியாக இருக்கும். குறை இருந்தால் முனையில் இருக்கும். கிரிம்ப் செய்த இடத்தில் ஒரு இழை செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கனெக்டரில் ஒரு முள் அரை மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கும். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான முனைகளைப் பார்க்கிறேன். தப்பவிட்டதில்லை என்று லைன் லீடர் சொல்வார்.

இந்த முறை அந்தத் தொடரை நானும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். யார் என்று தெரிந்துகொண்டே பார்த்தேன். ஆயா சொன்னது அப்போதுதான் புரிந்தது. குதிரை வந்தபோது பயம் வரவில்லை, பாட்டியிடம் பயந்து நிற்கிற அந்தப் பையனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் ஒவ்வொரு காட்சியிலும் அவன் முகத்தில் எல்லாமே இருந்தது. இருபது பேர் உட்கார்ந்து வாரக்கணக்கில் பார்த்தோம், ஒருத்தியைத் தவிர யாரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை.

அவள் பத்தாவதோடு நின்றாள். கல்யாணமாகி வாலாஜாபாத் பக்கம் போய்விட்டாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பேசிக்கொள்வோம், பொங்கலுக்கு, பிள்ளைகள் ரிசல்ட்டுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே கூப்பிட்டேன். பெண்ணுக்கு வரன் பார்ப்பது, தக்காளி விலை, அவளுக்கு முழங்கால் வலி என்று பேச்சு போனது. பஸ்ஸில் குளம்படிச் சத்தம் கேட்டதைச் சொன்னேன். சிரித்தாள். "இன்னும் யூடியூப்ல வருதா அது?" என்றாள். கணக்கு நோட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "நீ எனக்கு ஒரு மார்க்குதான் போட்ட" என்றாள்.

பிறகுதான் கேட்டேன்.

"அப்பல்லாம் ராத்திரில நீ எங்க படுப்ப?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது.

"திண்ணையில" என்றாள். "மழை வந்தா மாட்டுக் கொட்டாயில. கன்னுக்குட்டிக்குப் பக்கத்துல கதகதன்னு இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "இரு, அடுப்ப நிறுத்திட்டு வரேன்" என்றாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.